மணலில் போட்ட அணிநடை

இலங்கையில் பள்ளிக்கூடப் பையன்களுக்குப் படைப்பயிற்சி 1881இல், கொழும்பு றோயல் கல்லூரியில் தொடங்கியது. ஏறக்குறைய நூறு வருடம் தள்ளி, கற்பிட்டிக் கரையில் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளையான எனக்கும் அந்தக் கடேற் பயிற்சி கிடைத்தது.

எங்கள் பக்கம் முழுக்க மணல். கொழும்புப் பையன்கள் காலை ஓங்கி அடித்தால் தரை அதிரும். நாங்கள் அடித்தால் சப்பாத்துக்குள் மணல்தான் ஏறும். காலடி ஒன்றாக விழுகிறதா என்று காதால் அறிய வழியில்லை. பக்கத்தில் நிற்பவனின் முழங்காலைக் கடைக்கண்ணால் பார்த்தே பழகினோம். காக்கிச் சட்டையை உம்மா சோற்றுக் கஞ்சியில் முக்கியெடுத்து, ஈரம் காயும் முன் சிரட்டைக்கரிப் பெட்டியால் தேய்ப்பா. பித்தளையை மினுக்கப் பிராஸோ. கையில் மரத்துவக்கு.

யுத்தம் என்றால் எங்களுக்கு வாப்பா சொன்ன கதைதான். இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் கடற்படை புத்தளத்தில் விமானத் தளம் போட்டது. சேற்றில் புதைந்த கோர்செயர் விமானங்களை யானை கட்டி இழுத்தார்கள். விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம்.

எங்கள் கடேற் முகாம் தியத்தலாவையில். 1900இல் போயர் யுத்தக் கைதிகளை அடைத்து வைத்த அதே மலைநாட்டு ஊர். கடற்கரைப் பிள்ளைகள் குளிர் அறியாதவர்கள். முதல் இரவே பல் கிட்டியது. பக்கத்துக் கட்டிலில் இருந்த குருநாகல் பையன் ஒன்றும் பேசாமல் தன் போர்வையை விரித்து என்னையும் மூடினான். கட்டளையெல்லாம் சிங்களத்தில். அதை எனக்குச் சொல்லித் தந்தவனும் அவன்தான்.

1983இல் உள்நாட்டு யுத்தம் தொடங்கிய பிறகு காக்கியைக் கண்டாலே வயிறு கலங்கியது. புத்தளம் வீதியில் பஸ்ஸை விட்டிறங்கி, அடையாள அட்டையோடு வரிசையில் நின்றோம். அங்கே படையினர் அதட்டிய கட்டளைகள் பலவும் நான் ஆசையோடு கற்றவை. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை விரட்ட, பல்லாயிரம் பேர் எங்கள் கரையில் வந்து இறங்கினார்கள். நாங்கள் அணிநடை போட்ட வெளியிலும் ஓலைக் கொட்டில்கள் எழுந்தன. நாங்கள் மரத்துவக்கு பிடித்த வயதில் வன்னியில் பிள்ளைகள் கையில் நிஜத் துவக்கு இருந்தது. அதை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இப்போது ராத்தாவின் பேத்தி கடேற். பையன்களுக்கென்று தொடங்கிய அணியில் பெண்பிள்ளைகளும் நடக்கிறார்கள். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய கடேற் படையணி தனி அமைப்பாகி, பாதுகாப்பு அமைச்சின் கீழ் இயங்குகிறது. ஒல்லாந்தர் கட்டிய கற்பிட்டிக் கோட்டை கடற்படை வசம். அவளுக்கு இதெல்லாம் பிறந்ததிலிருந்து கண்ட காட்சி. எங்கள் பயம் அவளிடம் இல்லை. இல்லாதது நல்லதுதான்.

பள்ளிக்கூடம் படைக்கு ஆள் சேர்க்கும் இடமாகக் கூடாது. ஆனால் எனக்கு அந்தப் பயிற்சி தந்தது ஒரு சிங்களச் சிநேகிதனை. ஆகவே முகாம் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது இரண்டு: தமிழ்மொழிப் பள்ளிப் பிள்ளைகளையும் சிங்களமொழிப் பள்ளிப் பிள்ளைகளையும் ஒரே மண்டபத்தில் கலந்து படுக்க வையுங்கள்; கட்டளைகளை இரண்டு மொழியிலும் எல்லாருக்கும் பழக்குங்கள்.