அணியும் மளிகையும்

கேள்வி: எண்களைக் கட்டங்கட்டி வைத்து, ‘அணி’ என்று பெயரிட்டுப் பெருக்குகிறார்களே, இதனால் இல்லறத்தானுக்கு ஏதேனும் பிரயோஜனம் உண்டா?

பதில்: ஆர்தர் கெய்லி என்னும் ஆங்கிலேயர், லண்டனில் வக்கீலாயிருந்துகொண்டே 1858-இல் வகுத்தளித்த இந்தச் சாஸ்திரம், மளிகைக்கடை வரையில் வந்து உதவக்கூடியதே. அரிசி, பருப்பு, சர்க்கரை ஆகியவற்றின் கிலோ விலையை ஒரு கடைக்கு 60, 150, 45 என்றும், மறுகடைக்கு 58, 160, 44 என்றும் கிடைவரிசையில் இரு நிரைகளாக அமைத்து, வேண்டிய கிலோக்களாகிய 10, 2, 3 என்னும் செங்குத்து வரிசையாகிய நிரலால் பெருக்கினால், 1035, 1032 என்று இரு கடைகளின் மொத்தக் கிரயமும் ஏககாலத்தில் வெளிப்படும். நிரலை முன்னும் விலையணியைப் பின்னும் வைத்தாலோ பெருக்கலே அசாத்தியம். பண்டத்தை வாங்கிய பின் விலை விசாரிப்பவனுடைய கதியும் அதுவே. மறுகடையில் லாபம் 3 ரூபாய். ஆயினும், அது தூரத்தில் இருக்குமாயின், செருப்பின் தேய்மானத்துக்கும் ஒரு நிரல் சேர்த்துக்கொள்வது உத்தமம்.