கேளுங்கள், சொல்கிறோம்: காயலான் கடைக் கம்ப்யூட்டர்

கே: அத்தி வரதர் அடுத்து 2059-இல் எழுந்தருளுவார். அதுவரை என் லேப்டாப் தாங்குமா?
– கல்லூரி மாணவி, சின்ன காஞ்சிபுரம்

ப: அவர் நாற்பது வருஷம் அனந்தசரஸ் குளத்துத் தண்ணீருக்குள் இருந்துவிட்டு வருவார். உங்கள் லேப்டாப்புக்கு ஒரு டம்ளர் காபி போதும். அடுத்த வைகாசி கருட சேவையைப் பற்றி மட்டும் யோசியுங்கள்.

கே: தாத்தா போட்ட தறி இன்னும் ஓடுகிறது. நான் வாங்கிய லேப்டாப் ஐந்தே வருஷத்தில் படுத்துவிட்டதே?
– நெசவாளர், பிள்ளையார்பாளையம்

ப: தறியில் ஒரு கட்டை போனால் தச்சரைக் கூப்பிடுவீர்கள். பல லேப்டாப்களில் ‘ரேம்’ நினைவகத்தை போர்டோடு பற்றவைத்து, பேட்டரியைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். எந்தத் தச்சர் வருவார்? பழைய வித்தைதான். 1924-இல் பெரிய பல்பு கம்பெனிகள் கூடிப் பேசி, பல்பின் ஆயுளை 1000 மணி நேரமாகக் குறைத்தன. அதிக நாள் எரியும் பல்பைச் செய்த கம்பெனிக்கு அபராதம்!

கே: கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது. ‘விண்டோஸ் 10 முடிந்தது, புதுசு வாங்குங்க’ என்கிறார் கடைக்காரர்.
– சேலை டிசைனர், காஞ்சிபுரம்

ப: 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாஃப்ட் அதன் வழக்கமான ஆதரவை நிறுத்தியது உண்மை. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், பழைய பிராசஸர் ஆகாது என்கிறார்கள். நோய்நொடி இல்லாதவருக்கு இறப்புச் சான்றிதழ்! விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுப் பாருங்கள். டிசைன் சாஃப்ட்வேர் அதில் ஓடாவிட்டால், நெட் இணைப்பைத் துண்டித்து அந்த ஒரு வேலைக்கு மட்டும் விண்டோஸ் 10-ஐயே வைத்துக்கொள்ளுங்கள்.

கே: லினக்ஸ் எல்லாம் நமக்கு வருமா?
– மேற்படியாரின் மனைவி

ப: 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் நிறுவனத்தில் உருவான ‘பாஸ்’ லினக்ஸும் வந்தது. அதை ஒரு தடவையாவது திறந்தானா என்று பிள்ளையிடம் கேளுங்கள்.

கே: பழைய பட்டுப்புடவையை எரித்து ஜரிகையிலிருந்து வெள்ளி எடுக்கிறார்கள். கம்ப்யூட்டரிலும் தங்கம் இருக்கிறதாமே?
– இல்லத்தரசி, செவிலிமேடு

ப: இருக்கிறது, பொட்டளவு. கூடவே ஈயமும் காட்மியமும். எரித்தால் டயாக்சின் புகை, ஆசிட்டில் போட்டால் கழிவு வாய்க்காலில். வேண்டாம் தாயே! 2022-இல் உலகம் போட்ட மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம். மிச்சத்தில் ஒரு பகுதியை இப்படிக் கொளுத்துகிற, புதைக்கிற கைகள்தான் பார்த்துக்கொள்கின்றன.

கே: அப்போது யாரிடம் கொடுப்பது?
– அதே இல்லத்தரசி

ப: 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி மறுசுழற்சிக்குப் பொறுப்பு தயாரித்த கம்பெனிக்குத்தான். அவர்களிடம் கேளுங்கள், அல்லது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவான மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். கொடுக்குமுன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். வீட்டுக் கணக்கெல்லாம் அதில் இருக்கும்.