வண்டிக்கும் மூச்சு முட்டும்

கேள்வி: பைக்கின் ஏர் ஃபில்டரை வீட்டிலேயே மாற்ற முடியுமா?

பதில்: ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த எவராலும் முடியும். பெரும்பாலான பைக்குகளில் சீட்டுக்கு அடியிலோ பக்கவாட்டு மூடிக்குள்ளோ ஃபில்டர் பெட்டி இருக்கும். திருகுகளைக் கழற்றினால் பழையது கைக்கு வந்துவிடும். புதியதை வைக்கும் முன் பெட்டியின் உட்புறத்தைத் துணியால் துடைப்பது அவசியம். அங்கே ஒட்டியிருக்கும் மணல்துகள் எஞ்சினுக்குள் போனால் பிஸ்டனையும் சிலிண்டரையும் உரசியே தேய்த்துவிடும். ஃபில்டரின் ரப்பர் விளிம்பு பள்ளத்தில் முழுக்க அமர வேண்டும். ஓரிடத்தில் இடைவெளி விட்டாலும், வாசலைப் பூட்டிக் கொல்லையைத் திறந்து வைத்த கதைதான். புழுதி அந்த வழியாகவே புகும். ஃபோம் ஃபில்டரைச் சோப்பு நீரில் அலசி, நன்றாகக் காயவைத்து, அதற்குரிய எண்ணெய் தடவி மீண்டும் போடலாம். எண்ணெய்ப் பசையோடு வரும் காகித ஃபில்டரை அலசவும் கூடாது, காற்றடிக்கவும் கூடாது, மாற்றத்தான் வேண்டும். மாற்றும் கெடு வண்டியின் கையேட்டிலேயே இருக்கிறது. புழுதிச் சாலையில் ஓடும் வண்டிக்கு அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.