ஒரு கிளாஸ் ஆரஞ்சும் பெயர் தெரியாத மெட்டும்

1998இல் டப்ளினில் பப்புக்குப் போவதென்றால், மறுநாள் தேவைப்படாத சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொள்ள வேண்டும். சிகரெட் நெடி இரண்டு சலவைக்கும் போகாது. ஸ்மித்ஃபீல்ட் மைதானத்தின் வடகோடியில் இருக்கும் காபிள்ஸ்டோன் பப்பில் முதலில் பிடில் சத்தம்தான் வரும். வாசிப்பவர் முகம் புகைக்குள்ளிருந்து மெல்லத்தான் தெரியும். 2004 மார்ச் 29ஆம் தேதி நாடு முழுக்கப் பணியிடங்களில் புகைக்கத் தடை வந்தது. அப்படிச் செய்த முதல் நாடு அயர்லாந்து. இத்தோடு பப் செத்தது என்று அன்று ஆரூடம் சொன்னவர்கள் இன்று வாசலில் நின்று புகைத்தபடி, அதே ஆரூடத்தை வேறு காரணங்களுக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். புகை போன பிறகுதான் அது எதையெல்லாம் மறைத்துக்கொண்டிருந்தது என்று தெரிந்தது: பீர் ஊறிய கம்பளம், ஈரக் கோட்டுகள், சரியாக மூடாத கழிவறைக் கதவு.

எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. அன்று இதைச் சொன்னால் பார்மேன் முதலில் என் சட்டையைப் பார்ப்பார். மது தொடாதவர்களுக்கென்று 1898இல் ஒரு பாதிரியார் தொடங்கிய சங்கம் அங்கே உண்டு. உறுப்பினர்கள் திரு இருதய ஆண்டவர் பொறித்த சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொள்வார்கள். என் சட்டையில் சின்னம் இல்லை. “மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா?” என்று தாழ்ந்த குரலில் விசாரிப்பார். பிறகு கட்டைவிரல் உயர பாட்டிலில் ஆரஞ்சு ஜூஸ் வரும். நண்பர்கள் முறைவைத்து ஆளுக்கொரு ரவுண்டு வாங்குவார்கள். என் முறை வரும்போது ஐந்து பேருக்குக் கின்னஸ் பீர் வாங்கிக் கொடுப்பேன். அவர்கள் முறையில் எனக்கு ஐந்து ஆரஞ்சு வரும். இந்தக் கணக்கில் நஷ்டப்பட்டது என் பர்ஸ் மட்டுமல்ல, வயிறும்தான்.

இப்போது மதுவில்லாத கின்னஸ் 0.0 வந்துவிட்டது. அதே கறுப்பு, அதே நுரை, ஏறக்குறைய அதே விலை. முக்கால் கிளாஸ் ஊற்றி, அடங்கவிட்டு, பிறகு மீதியை நிரப்பும் அதே சடங்கு. கம்பெனி கணக்குப்படி இதற்கு 119.5 நொடி ஆகும். அந்த அரை நொடியைக் கண்டுபிடித்த விளம்பரக்காரருக்குச் சம்பளம் ஏறியிருக்கும் என்று நினைக்கிறேன். போன வருடம் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது யாரும் என் உடல்நலத்தை விசாரிக்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

இசை விஷயத்துக்கு வருகிறேன். சபா மேடையில் முன்வரிசைக்கு முகம் காட்டிப் பாடும் ஊரிலிருந்து போனவனுக்கு அந்த முதல் மாலை குழப்பம்தான். மேடை இல்லை, மைக் இல்லை. மூலை மேசையைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து, நமக்கு முதுகைக் காட்டியபடி பிடிலும் புல்லாங்குழலும் கான்சர்ட்டினா என்கிற துருத்தி வாத்தியமும் வாசிக்கிறார்கள். பக்கத்து மேசையில் கால்பந்து விவாதம். கைதட்டல் கிடையாது, மெட்டு முடிந்தால் ஒரு கனைப்பு, ஒரு வாய் பீர், அவ்வளவுதான். பெரும்பாலான மெட்டுகள் எட்டு அளவு கொண்ட இரண்டு பகுதி. ஒவ்வொரு பகுதியையும் இரண்டு தடவை வாசிக்க வேண்டும். முழு மெட்டும் பெரும்பாலும் மூன்று சுற்று வரும். பிறகு ஒருவர் புருவத்தைத் தூக்க, எல்லோரும் நிற்காமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். புருவத்தைத் தவறவிட்டவர் வாத்தியத்தை மடியில் வைத்துவிட்டு, வேண்டுமென்றே நிறுத்தியதுபோல் கிளாஸை எடுப்பார். பௌரான் என்கிற ஆட்டுத்தோல் மேளத்துடன் புதிதாக ஒருவர் நுழைந்தால் மேசையே சற்று இறுகும். பௌரான் வாசிக்க ஏற்ற குச்சி பேனாக்கத்திதான் என்று பைப் மேதை ஷேமஸ் என்னிஸ் சொன்னதாக ஒரு பழைய ஜோக் உண்டு.

இது காலங்காலமாக இப்படியே நடந்துவருகிறது என்று நான் உருகிக்கொண்டிருந்தேன். கிளேர் மாவட்டத்துக்காரரான ஒரு பெரியவர் அதைக் கெடுத்தார். “பப்பில் வாசிப்பதா? என் சின்ன வயதில் பாடினால் வெளியே போ என்று எழுதியே வைத்திருப்பான்” என்றார். அவர் சொன்னது வரலாறும்தான். இந்த இசையின் வீடு சமையற்கட்டும் நாற்சந்தியும். ஆட்டத்துக்கு வாசிப்பார்களே தவிர, உட்கார்ந்து கேட்க அல்ல. 1935இல் பொது நடனக்கூடச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் பொது நடனம் கூடாது என்ற அந்த விதியைப் பாதிரியார்களும் போலீசும் வீட்டு ஆட்டங்கள் மேலும் பாய்ச்சினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிழைக்க லண்டன் போன கட்டடத் தொழிலாளர்களுக்கு வாடகை அறைதான் வீடு. அதில் பிடில் வாசிக்க இடமேது? கேம்டன் டவுன், கென்டிஷ் டவுன் பப்களில் கூடினார்கள். அந்த வழக்கம் பிறகு கப்பலேறி ஊர் திரும்பியது. 1962இல் மெரியன் ரோவில் ஓ'டோனஹ்யூஸ் பப்பில் ‘த டப்ளினர்ஸ்’ குழு உருவானபோது இது புதுச் சரக்கு. ஆக, நான் புராதனம் என்று கும்பிட்டதன் வயது என் அப்பாவின் வயதைவிடக் குறைவு.

இப்போது அக்கா மகள் டப்ளினில் வேலை பார்க்கிறாள். “மாமா, டெம்பிள் பார்ல ஏழு மணிக்கு டேபிள் புக் பண்ணியிருக்கேன், லைவ் மியூசிக்” என்றாள். பப்புக்கு முன்பதிவு! போனோம். அங்கே மேடை இருந்தது, மைக் இருந்தது, முகத்தைக் காட்டிப் பாடினார்கள். அன்று நான் எதிர்பார்த்ததெல்லாம் இருந்தது, எனக்குத்தான் பிடிக்கவில்லை. அன்று இரண்டு பவுண்டு சொச்சத்துக்கு விற்ற பைன்ட் இன்று டெம்பிள் பார் தெருவில் பத்து யூரோவை ஒட்டி. சுவரில் பழைய சைக்கிள், பால் கேன், மங்கிய விளம்பரப் பலகை. 1990களில் இந்த அலங்காரத்தையே மொத்தமாகப் பெட்டிகளில் அடைத்து உலகெங்கும் அனுப்பி ஐரிஷ் பப் கட்டிக்கொடுக்கும் வியாபாரம் சூடு பிடித்தது. அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்காக டப்ளினும் தன்னை அதேபோல் ஜோடித்துக்கொண்டுவிட்டது.

பாடல்களும் அப்படித்தான். கூட்டம் எழுந்து நின்று பாடிய ‘டர்ட்டி ஓல்ட் டவுன்’ இங்கிலாந்தின் சால்ஃபர்டைப் பற்றியது. பஞ்சகாலத்து ஒப்பாரி என்று பலர் நம்பும் ‘த ஃபீல்ட்ஸ் ஆஃப் ஏதன்ரை’ 1970களில் எழுதப்பட்டது. அடுத்து, அமெரிக்கர் ஸ்டீவ் எர்ல் எழுதிய ‘கால்வே கேர்ள்’. இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருக்க, அக்கா மகள் கண்ணை மூடி முழுப் பாட்டையும் பாடி முடித்துவிட்டு, “ஏதாவது சொன்னீங்களா மாமா?” என்றாள்.

பழிவாங்க அவளைக் காபிள்ஸ்டோனுக்கு அழைத்துப் போனேன். ஸ்மித்ஃபீல்டில் மாதத்தின் முதல் ஞாயிறு குதிரைச் சந்தை கூடிய காலத்தில் அந்தக் கல் பாவிய மைதானத்தைச் சாணம் மிதிக்காமல் கடக்க முடியாது. இன்று லுவாஸ் டிராம் மைதானத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிடுகிறது. 2021இல் பப் கட்டடத்தின் மேலும் பின்னுமாக ஒன்பது மாடி ஹோட்டல் கட்ட விண்ணப்பம் போனது. நூற்றுக்கணக்கானோர் வாத்தியங்களோடு ஊர்வலம் போனார்கள். நவம்பரில் மாநகராட்சி அனுமதி மறுத்தது. பாடாதே என்று விரட்டிய கடைகளின் வம்சத்தில் ஒரு கடையைப் பாடியே காப்பாற்றிவிட்டார்கள்.

மூலை மேசை அப்படியேதான் இருந்தது, முதுகுகளும். கான்சர்ட்டினா வாசித்தவர் ஜப்பானியப் பெண். புருவத்தைத் தூக்குவதும் அவர்தான், பழுத்த உள்ளூர்க்காரர்கள் பின்தொடர்ந்தார்கள். கால்பந்து விவாதத்தைத்தான் காணோம். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு போனைத் தூக்கிப் படம் பிடிக்கிறார்கள். யாராவது கொஞ்சம் சத்தமாகப் பேச மாட்டார்களா என்றிருந்தது.

அந்தக் காலத்தில் ஒரு குழல்காரரிடம் மெட்டின் பெயர் கேட்டு டைரியில் எழுதி வைத்தேன். அடுத்த வாரம் அதே மெட்டுக்குப் பிடில்காரர் வேறு பெயர் சொன்னார். இப்போது அந்தத் தொல்லை இல்லை. காதில் விழும் மெட்டுக்குப் பெயர் சொல்லும் செயலி வந்துவிட்டது. ஒரு மெட்டு முடிந்ததும் அக்கா மகள் போனைக் காட்டினாள், ஒரு பெயர். பக்கத்து ஜெர்மானியரின் போனில் இன்னொன்று. எதிரிலிருந்தவர் மூன்றாவதாக ஒன்றை நீட்டினார். கான்சர்ட்டினாக்காரர் மூன்றையும் எட்டிப் பார்த்து, “இது எதுவும் இல்லை” என்றார்.

“அப்போ என்ன பேரு?” என்றாள் இவள்.

அவர் பக்கத்திலிருந்த குழல்காரரைப் பார்த்தார். குழல்காரர் கிளாஸை எடுத்துக்கொண்டார்.