மக்கள் பங்கேற்பில் பிஎச்.டி.: மக்கள் தொந்தரவில்லாமல் வாங்குவது எப்படி?

ஐம்பது வயதுக்கு மேல் பிஎச்.டி. பதிந்திருக்கிறீர்கள். தலைப்பு, 'மருத்துவத்தில் மக்கள் பங்கேற்பு'. களம், சுவாமிமலை. பிரமாதம்! இனி நான் சொல்கிறபடி செய்யுங்கள்.

1. கைடு உங்களைவிட இருபது வயது சின்னவர். இந்த ஊரில் அப்பனே பிள்ளையிடம் கைகட்டி உபதேசம் கேட்டார். நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். எதற்கும் 'நான் சர்வீஸ்ல இருந்தப்ப...' என்றே ஆரம்பியுங்கள்.

2. முதல் அத்தியாயத்தில் அல்மா ஆட்டா பிரகடனம், 1978. தங்கள் மருத்துவத்தைத் திட்டமிடுவதில் மக்களுக்கு உரிமையும் கடமையும் உண்டு என்றது அது. அப்புறம் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-ல் போட்ட எட்டுப் படி ஏணி: அடியில் மக்களை ஏய்ப்பது, உச்சியில் மக்களே முடிவெடுப்பது. படத்தை முழுப் பக்கத்துக்குப் போடுங்கள். நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று மட்டும் குனிந்து பார்க்காதீர்கள்.

3. கேள்விகளை வீட்டிலேயே தயாரியுங்கள். ஊர்க்காரர்களிடம் காட்டினால் 'இதையா கேப்பீங்க, அதைக் கேளுங்க சார்' என்பார்கள். 'போன வருஷம் எத்தனை கிராம சபையில் ஆஸ்பத்திரி பற்றிப் பேசினீர்கள்?' என்பது கட்டாயம் இருக்கட்டும். சுவாமிமலை பேரூராட்சி, கிராம சபையே கிடையாது. அதனாலென்ன? அத்தனை பேரும் 'ஒண்ணும் இல்லை' என்பார்கள். 'மக்களிடம் விழிப்புணர்வு இல்லை' என்ற கண்டுபிடிப்பு உங்கள் கையில்.

4. நடவு நேரமாகப் பார்த்துப் போங்கள். வரப்பில் நின்றபடி, சேற்றில் குனிந்திருக்கும் அம்மாவிடம் 'முற்றிலும் உடன்படுகிறேன், ஓரளவு உடன்படுகிறேன்...' என்று ஐந்து விடைகளையும் வாசியுங்கள். 'நீங்களே ஒரு டிக் போட்டுக்குங்க சார்' என்பார். போட்டுக்கொள்ளுங்கள். பங்கேற்றுவிட்டார்.

5. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக மாத்திரை கொடுக்கும் பெண் தன்னார்வலரைப் பிடியுங்கள். எந்தப் பாட்டி சுகர் மாத்திரையை முழுங்காமல் அஞ்சறைப்பெட்டியில் சேர்க்கிறார், ஏன் சேர்க்கிறார், எந்த வீட்டில் பி.பி. பார்க்க வந்தாலே கதவைச் சாத்துகிறார்கள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள், அட்டவணைக்குள் அடங்காது. படிவக்கட்டைக் கொடுத்து நிரப்பி வாங்குங்கள். நன்றியுரையில் 'களப்பணியில் உதவிய சகோதரி' போதும். பெயர் எதற்கு?

6. பக்கத்து ஊராட்சியில் கிராம சுகாதாரக் குழுவின் தீர்மானப் புத்தகம் கிடைத்தால் கையெழுத்துகளை எண்ணுங்கள். பத்தும் ஒரே பேனா, ஒரே கை என்றால் 'ஒருமித்த கருத்து' என்று எழுதுங்கள்.

7. ஆய்வேடு ஆங்கிலத்தில்.

8. கடைசி வாய்மொழித் தேர்வுக்கு ஊர்க்காரர்கள் யாராவது வந்துவிடலாம். பயப்படாதீர்கள். அறிவிப்பைத் துறை வாசலில், பழைய டெண்டர் நோட்டீசுக்கு அடியில் ஒட்டச் சொல்லுங்கள். மீறி யாராவது வந்து 'இதனால எங்க ஊருக்கு என்ன சார் வரும்?' என்று கேட்டால் 'அது மேலாய்வுக்குரியது' என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். மேலாய்வுக்குத் திருவலஞ்சுழி பக்கத்திலேயே இருக்கிறது. படிவத்தில் ஊர்ப் பெயரை மாற்றினால் போதும்.