காத்துக்கு வெல தெரியாது மக்கா

வா மக்கா, உள்ள வா. சைக்கிளையும் திண்ணையில ஏத்திச் சாத்து. அதுக்கு ஸ்டாண்டு கெடையாதாம்லா? மட்கார்டு கெடையாது, கேரியர் கெடையாது, பெல்லும் கெடையாது. இம்புட்டையும் கழட்டி எடுத்துக்கிட்டு 3 லட்சமும் வாங்கியிருக்கான்னா அந்தக் கடைக்காரன் பொழைக்கத் தெரிஞ்சவன்லே. ஏழு கிலோதான்னு ஒத்தக் கையில தூக்கிக் காட்டுத. கொள்ளாம், கொள்ளாம். ஆனா இது ஆடி மாசம். நிக்கிற எடம் ஆரல்வாய்மொழி. ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்பாவ. அம்மி பறந்து நான் இன்னும் பாத்ததில்ல. உன் வண்டிக்கு அந்தக் குடுப்பினை இருக்கும்னு தோணுது. அதனால நான் உன்னைத் தடுக்கப்போறதில்ல.

விடிஞ்சதும் காவல்கிணறுல இருந்து நாகர்கோவிலுக்கு ஒரே மிதியா மிதிக்கப்போறேன்னு சொல்லுத. ரோடு மட்டமாத்தான் இருக்கு தாத்தா, ஏத்தமே இல்லன்னு போனைக் காட்டுன. உன் போனுல மலை இருக்கு, கொளம் இருக்கு, டீக்கடைகூட இருக்கு. காத்தைக் காணோமே மக்கா.

தபதி ஆத்துல இருந்து 1,600 கிலோமீட்டர் ஓடி வந்த மேற்குத் தொடர்ச்சி மலை, முடியப்போற நேரத்துல இங்கன ஒரு வாசலைத் தெறந்து விட்டிருக்கு. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் கடல்ல இருந்து வாற தென்மேற்குக் காத்து, மத்த எடத்துல மலையில முட்டிக்கிட்டு நிக்கும். இங்க வந்தா வழி கெடைச்ச சந்தோசத்துல நெருக்கியடிச்சுக்கிட்டு கெழக்க பாயும். முப்பந்தல் பக்கம் பாரு, எம்புட்டு காத்தாடின்னு. எல்லாம் சேந்து சுமார் 1,500 மெகாவாட்டுன்னு சொல்லுதாவ. கம்பெனிக்காரன் கோடி கோடியாக் கொட்டி எந்தக் காத்தைத் தேடி இங்க வந்தானோ, அந்தக் காத்துக்கு நீ லீவு போட்டு, பெங்களூர்ல இருந்து டிக்கெட்டு எடுத்து வந்து நெஞ்சைக் குடுக்க. உனக்கு அவன் ஒத்தப் பைசா தரமாட்டான்.

காத்து எந்தத் திசைன்னு பாக்க ஒரு ஆப்பு வச்சிருக்கியாம், அதுக்கு மாசச் சந்தா வேறயாம். நிமிந்து காத்தாடியைப் பாருலே. காத்து எங்கேயிருந்து வருதோ அந்தப் பக்கம் அது தானே மூஞ்சியைத் திருப்பிக்கிடும். இப்ப அம்புட்டும் மேக்க பாத்து நிக்கி. நீ காவல்கிணறுல கெளம்பி நாகர்கோவிலுக்கு வந்தா நேரா அது வாயில போயி விழுவ. அங்கேயே எடது பக்கம் பிரிஞ்சு தெக்க கன்னியாகுமரிக்குத் திரும்பினா, வலது விலாவுல குத்தும். சந்தா கட்டாமலேயே தெரிஞ்சுபோச்சு பாத்தியா.

இப்ப ஒரு கணக்கு. காத்தில்லாத நாளுல நீ 30 கிலோமீட்டர் வேகத்துல போவியாம்லா? எதுக்க 30 கிலோமீட்டர் வேகத்துல காத்து அடிச்சா உன் நெஞ்சுல மோதுறது 60. வேகம் ரெண்டு மடங்கானா, அது உன்னைத் தள்ளுற தள்ளு ரெண்டு மடங்கு இல்ல, நாலு மடங்கு. அதே 30-ல போவேன்னு நீ ஒத்தக்காலுல நின்னா, காத்தை வெலக்கவே நாலு பயலுவ மிதிக்கிறதை நீ ஒருத்தனே மிதிக்கணும். நீ திங்கிறது நாலு பேரு சோறுதான், அதை நான் இல்லேன்னு சொல்லல. மிதிக்கிறதுக்கு ஆளு பத்தாது.

போறப்ப எதுத்துக் காத்து, வாறப்ப தள்ளுற காத்து, சரிக்குச் சரியாப் போயிரும்னு ஒரு நெனப்பு உனக்கு. அதுவும் நடக்காது கேட்டியா. 15 கிலோமீட்டர் தூரத்தை 15 வேகத்துல போன, ஒரு மணி நேரம். அதே தூரத்தை 45-ல பறந்து வந்த, 20 நிமிசம். மொத்தம் 30 கிலோமீட்டருக்கு 80 நிமிசம். சராசரி 30-ன்னு நீ ஊரெல்லாம் சொல்லுவ, கணக்கு 22.5-ன்னு சொல்லும். கஷ்டத்துக்குள்ள ரொம்ப நேரம் கெடந்துட்டு, சொகத்தைச் சட்டுனு தாண்டி வந்துருத. காத்து குடுத்ததைவிட எடுத்தது ஜாஸ்தி. வட்டிக்கு விடுறவன்கூட இதைவிடக் கொஞ்சம் ஈரமா இருப்பான்.

அதனால ஹேண்டில் பாருல ஒட்டி வச்சிருக்கியே ஒரு சின்ன டிவி, வேகம் காட்டுறது, அதைத் துண்டைப் போட்டு மூடு. காலு எம்புட்டு நோவுதுன்னு பாத்துப் போ, நம்பரு பாத்துப் போகாத. நம்பரு பாத்தா ரோஷம் வரும். நாங்க அந்தக் காலத்துல இந்த வழியா தோவாளைச் சந்தைக்குப் பூ மூட்டை ஏத்திக்கிட்டு மிதிச்சிருக்கோம். விடியறதுக்கு முன்னாடி போவோம், வெயில் ஏற ஏறத்தான் காத்துக்கும் திமிரு ஏறும். எங்களுக்குப் பின்னால நடந்து வாற கெழவி எங்களைத் தாண்டிப் போனாலும் ஒருத்தனும் ஏறிட்டுப் பாக்கமாட்டோம். பூவு போயிச் சேரணும், அம்புட்டுத்தான். நீ ஒண்ணும் கொண்டு போகல. வெறும் மானத்தை மட்டும் ஏத்திக்கிட்டுப் போற. அதுதாம்லே கனம்.

பின்சக்கரத்துல பெரிய பல்சக்கரம் ஒண்ணு இருக்கே, எண்ணிப் பாத்தேன், 34 பல்லு. மனுசனுக்கே 32-தான். காசு குடுத்து வாங்கின பல்லை வெளிய காட்டுறதுக்கு என்ன வெக்கம்? சங்கிலியை அதுல ஏத்திவிட்டு, பைய, விடாம சுத்து. பெரிய கியர்ல போட்டு முட்டியை ஒடச்சுக்கிட்டு வந்தா, தைலம் தேய்க்க உங்க ஆச்சிக்குத் தெம்பில்ல.

பொறவு குனி. காத்து தடுக்கிறதுல முக்கால்வாசி உன் ஒடம்புதான், சைக்கிள் இல்ல. கார்பன் சக்கரத்துல 300 கிராம் கொறைக்க அம்புட்டு காசு குடுத்தியே, அது ஏத்தத்துக்கு ஒதவும். மட்டமான ரோட்டுல, எதுத்த காத்துல, எடை பெரிய விசயமில்ல, அகலந்தான் விசயம். வளைஞ்ச ஹேண்டிலை அடியில புடிச்சு, முழங்கையை மடக்கி, தலையைத் தாத்து. தொப்பை இடிக்கும். இடிக்கட்டும், அதுவும் கூட வரணும்லா.

கூட ரெண்டு கூட்டாளி வாரானுவளா? நல்லதாப் போச்சு. ஒருத்தன் முதுகுக்குப் பின்னால ஒட்டிப் போனா கால்வாசியில இருந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும் பாடு மிச்சம். மாறி மாறி முன்னால போவணும்னு பேசிக்கிடுங்க. அதுல எவன் ரொம்ப அகலமா இருக்கானோ அவன்கிட்ட "நீதாம்லே நம்ம தலைவன்"னு சொல்லி ரெண்டு தடவை கூடுதலா முன்னால விடு. பாராட்டுக்கு மயங்காதவனை நான் பாத்ததில்ல. முன்சக்கரத்தை மட்டும் அவன் பின்சக்கரத்துல உரச விட்டுராத, உரசினா விழுறது நீதான், அவனில்ல.

விலாக்காத்து வேற சங்கதி. வலது பக்கம் இருந்து அடிக்கும்போது ஒதுங்க எடம் முன்னால போறவனுக்கு நேர் பின்னால இருக்காது, எடது பக்கம் சாஞ்சு இருக்கும். பெல்ஜியத்துல, ஹாலந்துல பந்தயக்காரனுவ ரோட்டை அடைச்சுக் கோணலா வரிசை கட்டிப் போறதை நீதான் போனுல காட்டுன. பாக்க அழகுதான். அங்க பந்தயம் நடக்கும்போது ரோட்டுல வேற வண்டி விடமாட்டான். இங்க நாலுவழிச் சாலையில நீங்க மூணு பேரும் கோணலா விரிஞ்சு போனா, பின்னால வாற லாரிக்காரன் உங்களை நேராக்கி விட்டுருவான். ஒத்த வரிசையிலேயே வாங்க, நட்டம் வந்தா வரட்டும்.

அந்த உசரமான ரிம்மு சக்கரம், 50 மில்லிமீட்டராமே, அதை இன்னைக்குக் கழட்டி வச்சிரு. பின்னால இருந்தாக்கூடப் போகுது. முன்னால வேண்டவே வேண்டாம், திருப்புற சக்கரம் அது. விலாக்காத்துக்கு அகலம் காட்டுனா நீ ஒரு பக்கம் திருப்புவ, அது ஒரு பக்கம் திருப்பும். 2015 மார்ச்சுல பெல்ஜியத்துல கென்ட்–வெவல்கெம் பந்தயம். ஜெரைன்ட் தாமஸ்னு ஒருத்தன், மூணு வருசம் கழிச்சு டூர் டி பிரான்ஸையே ஜெயிச்சவன், அவனைக் காத்து அப்படியே தூக்கி ரோட்டோரப் பள்ளத்துல போட்டுருச்சு. அவன் உன்னைவிட நல்லா ஓட்டுவான்னு நான் சொன்னா கோவிச்சுக்கிட மாட்டியே? ஆனா எந்திரிச்சு வந்து மூணாவதா முடிச்சான். கெளம்பின கூட்டத்துல கடைசி வரை வந்தவன் 39 பேருதான். ஜெயிச்சவன் லூகா பவோலினி, இத்தாலிக்காரன், 38 வயசு. உங்க கணக்குல அது கெழடு. எளவட்டமெல்லாம் பறந்துபோன நாளுல கெழடு ஜெயிச்சிருக்கு, எனக்கு ரொம்பப் புடிச்ச பந்தயம் அது.

ஹேண்டிலை இறுக்கிப் புடிக்காத. இறுக்கினா ஒடம்புல வாற ஆட்டமெல்லாம் சக்கரத்துக்குப் போகும். தோளைத் தளர விட்டு, கொஞ்சம் எடம் விட்டு ஓட்டு, ரோட்டு ஓரத்தை ஒட்டிப் போகாத. பெரிய லாரி தாண்டும்போது ஒரு நொடி காத்து நின்னுபோகும். அந்த நொடியில, ஆகா, அடங்கிருச்சேன்னு நீ நிமிருவ. லாரி போனதும் விட்டதையும் சேத்து ஒரே அடியா அடிக்கும். பாலம் முடியுற எடம், மதில் முடியுற எடம், பாறை மறைப்பு முடியுற எடம், எல்லாத்துலயும் இதே கதைதான். நல்லா இருக்கும்போதுதான் உசாரா இருக்கணும். முப்பந்தல்ல இசக்கியம்மன் கோயில் வரும், லாரிக்காரனே எறங்கிக் காணிக்கை போட்டுட்டுப் போவான். நீயும் நில்லு. உனக்குச் சாமி நம்பிக்கை இல்லாட்டிப் பரவால்ல, மூச்சு வாங்குறதுக்கு அதைவிடக் கவுரவமான சாக்கு அந்த வழியில கெடையாது. நின்ன எடத்துல தண்ணி குடி. காத்துல வேர்வை உடனே காஞ்சுபோகும், வேர்க்கவே இல்லன்னு நெனச்சு மயங்கி விழுந்தவனுவ உண்டு.

ஹாலந்துல ஒரு கூத்து நடத்துதாவளாம். 2013-ல இருந்து நடக்கு. கடலுக்குக் குறுக்க கட்டின ஊஸ்டர்ஸ்கெல்ட அணை மேல 8.5 கிலோமீட்டர், புயல்காத்து எதுத்து அடிக்கிற நாளாப் பாத்து, கியர் இல்லாத, நிமிந்து உக்காருற சாதாச் சைக்கிள்ல பந்தயம். காத்து நல்லா கெட்டாத்தான் தேதியே சொல்லுவாவளாம். கேட்டதும் எனக்கு வயிறெரிஞ்சு போச்சு. கியர் இல்லாத சைக்கிள், எதுத்த காத்து, கூட ஒரு மூட்டைப் பூவு! எங்களுக்கு எவன்லே மெடல் தந்தான்?

மழை வந்துச்சுன்னா வேற புத்தி. நீண்ட நாளு கழிச்சுப் பெய்யுற மழையில மொதல் கொஞ்ச நேரம் ரோட்டுல கெடக்கிற எண்ணெயெல்லாம் மெதந்து வரும். வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, தண்டவாளம், இது மேலெல்லாம் சாஞ்சுக்கிட்டுத் திரும்பாத. தண்டவாளத்தை நேர்குறுக்கத் தாண்டு. ரிம்முல புடிக்கிற பிரேக்குன்னா நனைஞ்ச பொறவு புடிக்க நேரமாகும், முன்னாடியே லேசா அழுத்தித் தொடச்சு வச்சுக்க. தண்ணி நிக்கிற எடத்துல குழி இல்லன்னு அடிச்சுச் சொல்ல எந்த இஞ்சினியராலும் முடியாது, சுத்திப் போ. டயர்ல காத்து கொஞ்சம் கொறைச்சு வை. அந்தத் தொளதொள மழைக்கோட்டு கல்யாணப் பந்தல் மாதிரி உப்பிக்கிட்டு உன்னைப் பின்னால இழுக்கும், ஒட்டினாப்புல இருக்கிறதைப் போடு. மலை எறக்கத்துல குளிரெடுத்தா சட்டைக்குள்ள நெஞ்சுல பேப்பரை விரிச்சுக்க. டூர் டி பிரான்ஸ்காரனுவளே மலை உச்சியில பேப்பர் வாங்கிச் சொருகிக்கிட்டுத்தான் எறங்குவானுவளாம். நீ பேப்பரைப் படிக்கவா போற, இதுக்காவது ஆவட்டும். இடி மின்னலுன்னா ஒத்தப் பனைக்கு அடியில நிக்காத, எவன் வீட்டுக்குள்ளயாவது நொழைஞ்சிரு. தென்னந்தோப்பு ஓரமும் வேண்டாம். காய்ஞ்ச மட்டை உன் ஹெல்மெட்டு பிராண்டு பாத்து விழாது.

2017 நவம்பர் 30, ஓக்கிப் புயல் அடிச்ச அன்னைக்கு இந்த மாவட்டத்துல சாஞ்ச மரத்துக்கும் கம்பத்துக்கும் அளவே இல்ல. அந்த மாதிரி நாளுக்கு என்கிட்ட ஓட்டுற புத்தி எதுவும் கெடையாது. அந்தா நிக்கே காத்தாடி, காத்து 90-க்குப் பக்கத்துல போச்சுன்னா போதும் சாமின்னு தானே சுத்தை நிறுத்திக்கிடும். இரும்புல செஞ்சது, காத்துக்காகவே பொறந்தது, அதுவே நிறுத்துது. நீ "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான் பாக்கி"ம்ப.

சரி, கடைசியா ஒண்ணு. காவல்கிணறுல ஆரம்பிக்க வேண்டாம். இங்கேயிருந்தே மேக்க பாத்து நாகர்கோவில் வரைக்கும் போ. காலுல தெம்பிருக்கும்போதே எதுத்த காத்தைத் தின்னுட்டா, திரும்புறப்போ அது உன்னைத் தள்ளிக்கிட்டு வரும். முதல்லயே தள்ளுற காத்துல போனியோ, நாமதான் பலசாலின்னு நெனச்சு வள்ளியூரு தாண்டிப் போயி, திரும்பி வர பஸ்சைத் தேடுவ. அந்த பஸ்சுல உன் சைக்கிளை ஏத்தமாட்டான்.

ஆமா, நாகர்கோவில்தானே போற? வாறப்ப காத்து தள்ளும்லா, பாரம் தெரியாது. சட்டை முதுகுல மூணு பாக்கெட்டு வச்சிருக்கியே. ஒண்ணுல எனக்கு மட்டிப்பழம் ஒரு சீப்பு, ஒண்ணுல உங்க ஆச்சிக்கு வெத்திலையும் பொகையிலையும். மூணாவதுல தோவாளையில எறங்கி ரெண்டு முழம் பிச்சிப்பூ வாங்கி வை, பழத்துக்கு அடியில போட்டு நசுக்கிராத. பைசாவா? உன் போனுல தட்டு, கடைக்காரன் வாங்கிக்கிடுவான்.