புறக்காப்பியல்: புதுக் காருக்குக் கவசம் பூட்டல் குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை இல்லாத ஆய்வேடும் ஹாரன் இல்லாத வண்டியும் தமிழ்நாட்டில் ஓர் அடி நகராது. எனவே முன்னுரை.

புதுக் கார் வாங்கியவர் அதை நூறு கிலோமீட்டர் ஓட்டுவதற்குள் அதன் வெளிப்புறத்தில் எதையாவது ஒட்டியோ முடுக்கியோ தீர்கிறார். 'சங்க இலக்கியத்தில்' என்று தொடங்கி யானை முதல் எறும்பு வரை சகலத்துக்கும் முனைவர் பட்டம் வாங்கி முடித்த நாட்டில் மட் ஃபிளாப் மட்டும் யார் கண்ணிலும் படாதது வியப்பு. குனிந்து பார்க்க வேண்டிய இடத்தில் இருப்பதால் விடுபட்டிருக்கலாம். நம் ஆய்வாளர்கள் குனிவது நெறியாளர் முன்னிலையில் மட்டும்தான்.

ஆய்வுக் களம், எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தள பார்க்கிங்கில் பதினான்காம் தூணுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் இடைப்பட்ட நிலம். காலம், மே மாதத்து ஞாயிறு ஒன்று, இட்லிக்குப் பின் தொடங்கி மின்வெட்டு வரை. முதன்மை ஆதாரம் கார். துணைமை ஆதாரம் மச்சினன். ஆய்வாளருக்குத் தெரியாதவை யாவும் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. கருதுகோள் பின்வருமாறு: ஷோரூமில் 9,500 ரூபாய் சொன்ன சாமான்களை சென்னை ஜி.பி. ரோட்டுக் கடைகளில் 2,800க்கு வாங்கி நாமே பூட்டிக்கொள்ளலாம் (மச்சினன், தொலைபேசி).

முதலில் சொல்லாராய்ச்சி. அது இல்லாவிட்டால் ஆய்வேட்டில் முதல் அறுபது பக்கத்தை எதைக்கொண்டு நிரப்புவது? பம்பர் என்பது ஆங்கிலச் சொல் என்று பாமரர் நினைக்கின்றனர். 'பம்புதல்' என்றால் செறிதல். செறிந்து முன்னே நிற்பதால் பம்பர். அதில் யாராவது வந்து இடித்தால் வண்டி சுற்றி நிற்கும். ஆகவே 'அம்' விகுதி பெற்றுப் பம்பரம் ஆயிற்று. இதை மறுப்பவர்கள் தமிழுக்குத் துரோகிகள் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் நிறுவல் முடிந்தது. இந்த முறைப்படி லத்தீனையே தமிழாக்கியவர்கள் நம்மிடையே உண்டு. ஒரு பம்பருக்கா பஞ்சம்?

அடுத்து, திணை. கோட்டையை முற்றுகையிடுவது உழிஞை, உள்ளே இருந்து காப்பது நொச்சி. இரவில் நிறுத்திய கார் ஒரு கோட்டை. பக்கத்து வீட்டுப் பையனின் சைக்கிள் ஹேண்டில்பார் ஓர் உழிஞைப் படை. எனில் கதவில் கவசப் பட்டை ஒட்டுபவன் நொச்சியான். ஆனால் தொல்காப்பியர் நொச்சிக்குத் தனித்திணை தரவில்லை, உழிஞைக்குள்ளேயே அடக்கிவிட்டார். புறப்பொருள் வெண்பாமாலை பாடிய ஐயனாரிதனார் அதைத் தனித்திணையாகவே வைத்தார். இந்த வழக்கில் என் வாக்கு தொல்காப்பியருக்கு. விதிப்படி ஒரு காருக்குக் கிடைப்பது 2.5 மீட்டருக்கு 5 மீட்டர். இடிப்பவனும் காப்பவனும் அந்த இடைவெளிக்குள் ஒருவர் கதவை ஒருவர் பார்த்து வாழும்போது திணை இரண்டு எதற்கு? (வாட்ச்மேன் அண்ணன், வாய்மொழி வழக்காறு, கேட் திறக்கும் நேரத்தில் பதிவுசெய்தது.)

இனி வகைப்பாடு.

பாடி கவர்: முதல் வாரம் மட்டும் போடப்படும்.

நம்பர் பிளேட் சட்டம்: மேலாய்வுக்கு உரியது.

கிராஷ் கார்டு: முன்பக்கம் எருமைக் கொம்பு மாதிரி இரும்புக்குழாய் பூட்டும் மரபு. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதற்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதியது. நடந்துபோகிறவருக்கு ஆபத்து, மோதலின்போது ஏர்பேக் சென்சாரையும் குழப்பும் என்பது காரணம். பூட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்கீழ் குற்றம். கடைக்காரர் என்னிடம் இதையெல்லாம் விளக்கமாகச் சொல்லிவிட்டு, "வேணுமா சார், உள்ள இருக்கு" என்றார்.

கறுப்பு ஃபிலிம்: வெயிலிலிருந்து காப்பது. முன்பின் கண்ணாடி 70 சதவீதமும் பக்கக் கண்ணாடி 50 சதவீதமும் ஒளி விட வேண்டும் என்பது விதி. 2012இல் உச்ச நீதிமன்றம் ஃபிலிம் ஒட்டுவதையே தடுத்தது. தடைக்குப் பின்னும் கறுப்பாகவே போகும் கார்களில் யார் இருக்கிறார்கள் என்பது வெளியிலிருந்து தெரியாததால் இப்பகுதிக்குத் தரவு கிட்டவில்லை.

ரெயின் வைசர்: மழையிலும் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைக்க உதவுவது. ஏ.சி. காரில் எவரும் இறக்குவதில்லை.

மட் ஃபிளாப்: இதற்கு மட்டும் வணக்கம் சொல்லிக் கடக்க வேண்டும். நம் வண்டியோடு பின்னால் வருபவரையும் சேற்றிலிருந்து காக்கும் ஒரே பொருள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால்தான் முன்சக்கரத்துக்குப் பின்னால் கை போகும் என்பதை நான் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆனது. வாட்ச்மேன் அண்ணனுக்கு அது முதலிலேயே தெரியும். "நீங்க கேக்கல சார்."

ஒட்டாத கவசம் என்று இன்னொரு வகை உண்டு. அதைத் தனி இயலாகப் பிரிக்கச் சொன்னவர் என் மனைவி. சென்னை பல்லவன் சாலையில் இருக்கும் பாடிகாட் முனீஸ்வரரிடம் புதுவண்டியைக் கொண்டுபோனால் மாலை போட்டுக் கற்பூரம் காட்டி நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றச் சொல்வார்கள். சாமியின் பெயரிலேயே பாடிகார்டு இருப்பதால் வெளிப்புறக் கவசங்களுள் இதற்கே முதலிடம். 'பாடி', 'காடு' என்று இதைப் பிரித்துப் பொருள் சொல்ல ஒருவர் எங்கோ தயாராகிக்கொண்டிருப்பார், அவருக்கு வழிவிடுகிறேன். செய்முறை அளவில் ஒன்று குறிக்கத்தக்கது: இக்கவசத்துக்கு ஆல்கஹாலால் துடைத்தல், காயவிடுதல் எதுவும் தேவையில்லை.

இப்போது கதவுக் கார்டு. ஆய்வின் உயிர்நாடி இது.

நான்கு கறுப்புப் பட்டைகள். பின்புறம் அக்ரிலிக் ஃபோம் டபுள் சைடு டேப், அதன்மேல் வழவழப்பான சிவப்புத் தாள். கூடவே நான்காக மடித்த ஒரு துண்டுச்சீட்டு. அதில் எட்டு நூற்பாக்கள். மொழி ஆங்கிலத்தின் தூரத்து உறவு. தமிழில் தருகிறேன். ஒன்று: கதவைக் கழுவுக. இரண்டு: உலர்ந்தபின் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைக்க. மூன்று: கார்டைக் கதவில் வைத்து நன்கு அழுத்துக. நான்கு: மகிழ்க. ஐந்து: ஒரு நாள் கழுவற்க. ஆறு: வெப்பம் 21 முதல் 38 டிகிரி வரை நன்று. ஏழு: அழுத்துமுன் சிவப்புத் தாளை உரிக்க. எட்டு: குழந்தை வாயில் வைக்கலாகாது.

ஆறாம் நூற்பா குறித்து ஒரு சொல். 21 டிகிரி என்பது சென்னையில் ஏ.டி.எம். அறைக்குள் மட்டும் நிலவும் தட்பவெப்பம். மேல் எல்லையான 38ஐ மே மாதம் இட்லி செரிக்கும் முன்பே தாண்டிவிடுகிறது. இந்த வகை டேப் முழுப் பிடிப்புக்கு வர 72 மணி நேரம் ஆகும். அதற்குள் கார்டு உருகாமல் இருந்தால் ஒட்டியதாகக் கொள்ளலாம்.

சிக்கல் ஏழாம் நூற்பாவில். 'மகிழ்க' என்று நான்காவதிலேயே முடிந்துவிட்ட காரியத்துக்கு ஏழாவதில் எப்படி ஒரு முன்நிபந்தனை வரும்? இது இடைச்செருகல் என்பார் ஒரு சாரார் (மச்சினன், இரண்டாம் அழைப்பு). ஏடு பெயர்த்தவன் வரிசை மாற்றி எழுதிவிட்டான் என்பார் வேறு சிலர் (மேல்வீட்டு மாமா, 'கார்டு ஒட்டலும் ஒட்டாமையும்', படிக்கட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு, கையில் பால் பாக்கெட் உடைந்ததால் பாதியில் நின்றது). சிவப்புத் தாளே டேப் என்றும், உரிப்பது தவறு என்றும் மூன்றாவதாக ஒரு கட்சி உண்டு (மேலது மாமாவின் தம்பி, அதே படிக்கட்டு, எதிர்த்திசை, மாமா இறங்கிப் போனபின் வழங்கிய மறுப்புரை, திருத்திய பதிப்பு லிஃப்ட்டுக்குள், மூன்றாம் மாடி வரை, எஞ்சியது கதவு மூடியதால் கிடைக்கவில்லை, கிடைத்த பகுதியும் 'அதெல்லாம் சும்மா' என்ற தொடரோடு சிதைந்துள்ளது).

உரையாசிரியர்களிடம் போனேன். சேனாவரையர் தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு மட்டும் உரை எழுதியவர். கதவுக்கு அவரைக் கூப்பிட முடியாது. மிஞ்சியவர் நச்சினார்க்கினியர். பத்துப்பாட்டில் ஒரு சொல்லை அது இருக்கும் இடத்திலிருந்து பிடுங்கி, பல அடி தாண்டி வேறொரு சொல்லோடு கொண்டுபோய் மாட்டிப் பொருள் சொல்வது அவர் வழக்கம். முல்லைப்பாட்டு ஆராய்ச்சியில் மறைமலையடிகள் இதற்காக அவரை வன்மையாகவே கண்டித்தார். கல்லூரியில் நாங்களும் சிரித்தோம். மூலத்தை உள்ளபடி, வரிசைப்படி படிக்க வேண்டும் என்று எங்கள் பேராசிரியர் மேசையைத் தட்டிச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

வரிசைப்படி படித்தேன். கழுவினேன், துடைத்தேன், டிரைவர் பக்கத்துப் பின்கதவில் கார்டை வைத்து இரண்டு கையாலும் அழுத்தினேன். மகிழவும் செய்தேன். கையை எடுத்ததும் கார்டு வழுக்கிக் காலில் விழுந்தது.

பிறகுதான் ஏழுக்கு வந்தேன். சிவப்புத் தாளின் நுனியைக் கிளப்ப ஒருவனுக்கு நகம் வேண்டும். தாள் எது, டேப் எது என்று பிரிந்து காட்டாமல் இரண்டும் ஒன்றாகவே மடியும். பல்லால் கடித்துப் பார்த்தேன். எட்டாம் நூற்பா எனக்குப் பொருந்தாது என்று சமாதானம் செய்துகொண்டேன். ஒரு முனையில் இரண்டு அங்குலம் உரிந்தது. அந்த உற்சாகத்தில் அம்முனையைக் கதவில் ஒட்டிவிட்டு, மறுமுனைத் தாளை வீட்டுச் சாவியின் நுனியால் நெம்பினேன்.

சாவி வழுக்கியது.

சத்தம் பெரிதில்லை. ஸ்லேட்டில் குச்சி கிழிப்பது போல ஒரு 'க்ரீச்'. நான்கு சென்டிமீட்டர், பெயிண்டுக்கு அடியில் வெள்ளையாக ஒரு கோடு. கார் வாங்கி ஒன்பது நாள். அதுவரை பையனின் சைக்கிளோ ஆட்டோவோ மாடோ அதைத் தொட்டதில்லை. அதன் முதல் கீறலைக் கீறல் விழாமல் காக்க வந்த நான் போட்டேன். இந்த முடிவுக்கு நூற்பா எழுதுவது மரபு என்பதால்:

காப்பெனப் படுவது காக்குநன் கையால்
கீறிய பின்னர்க் கிடைப்பது ஆகும்.

இதற்கு உரை வேண்டாம். ஏழாம் நூற்பாவைத் தூக்கி மூன்றுக்கு முன்னால் மாட்டியிருந்தால் இந்தக் கீறல் இல்லை. அறுநூறு ஆண்டுகளுக்கும் முந்திய நச்சினார்க்கினியரிடம் தண்ணீர் மோட்டார் பக்கத்தில் நின்று மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். எங்கள் பேராசிரியர் கார் வாங்கியிருந்தால் அவர் கதவிலும் ஒரு கோடு இருக்கும் என்பது என் துணிபு.

வாய்மொழித் தேர்வு மாலையில் நடந்தது. புறத்தேர்வாளராக மனைவி காபியோடு இறங்கிவந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "ஏங்க, இந்தக் கதவுல மட்டும் பட்டை கொஞ்சம் கீழ இருக்கே?"

"காத்து கிழிச்சுக்கிட்டுப் போறதுக்காக அப்படி டிசைன் பண்ணிருக்கான்."

"எதிர்ப் பக்கத்துல அப்படி இல்லையே?"

மின்சாரம் போனது.

இந்த ஆய்வின் முடிவு இன்னும் அந்தப் பட்டைக்கு அடியில்தான் இருக்கிறது, மற்ற மூன்றைவிட ஒரு விரற்கடை கீழே. 72 மணி நேரமும் கடந்துவிட்டது, இனி அசையாது. எங்கள் பார்க்கிங் பக்கம் வர நேரும் வாசகர்கள் அந்தக் கதவருகே குனிந்து பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.